கிறவலில் பழகி ரேஸ் ஓடப் போகிறவர்களுக்கு

வன்னியில் ஊருக்கு நாலு பொடியளாவது இருப்பார்கள், கிறவல் (சரளைமண்) வளைவில் பின்சில்லை வழுக்கவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பத் தெரிந்தவர்கள். குளக்கட்டிலும் வயல் பாதையிலும் சின்ன வயதிலேயே பழகிய கை அது. தார்வீதியில் மட்டும் ஓடியவர்கள் காசு கொடுத்துப் படிக்கிற விசயம் இவர்களுக்குச் சும்மா வந்திருக்கிறது. ஆனால் போட்டிக்குப் போனால் கனபேர் முதல் ஓட்டத்தையே முடிப்பதில்லை. எஞ்சின் இழுக்காது, செயின் கழரும், ஐந்தாவது சுற்றில் கை இறுகிப் பிறேக் பிடிக்க முடியாது, இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே நாலு பேரோடு சேர்ந்து விழுவார்கள். ரேஸ் ஓட்டுனராக வர ஆசை உள்ளவர்கள் முதலில் பழக வேண்டியது ஓடி முடிப்பது. கீழே எழுதியிருப்பது எல்லாம் அதற்கான வேலைகள்தான்.

முடிப்பதன் பெறுமதிக்கு ஓர் உதாரணம். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டன் அணிக்காகப் போர்முலா 1 ஓடிய முதல் இந்தியர். போர்முலா 1 இல் அவர் எடுத்த புள்ளிகள் மொத்தம் 5. ஐந்தும் ஒரே நாளில் வந்தவை. அந்த ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிறீயில் மிஷலின் ரயர் போட்ட அணிகள் எல்லாம் ரயர் பயத்தில் ஒதுங்கிக்கொள்ள, ஓடியவை 6 கார்கள்; நரேன் நான்காவது. அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்று அவர் கார் இடையில் நின்றிருந்தால் அந்தப் புள்ளிகளும் இல்லை.

எங்கே பழகுவது

ஏ9 வீதியில் பழக வேண்டாம். மாடும் இரவில் லைட் இல்லாத லாண்ட் மாஸ்டரும் (இருசில்லு உழவு இயந்திரம்) உள்ள வீதி. பொலிசில் வழக்கு எழுதப்பட்டால் அது பின்னால் அனுமதிப்பத்திர விசயங்களிலும் தலையிடியாகும். காட்டுப்பக்கம் புதுப்பாதை வெட்டியும் பழகக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியாத மண் இது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்த இடம், பலகை விழுந்துபோன இடம், ஆள் நடமாட்டம் இல்லாத பழைய மண் அணைகள் என்று எதுவும் வேண்டாம். ஆட்களும் உழவு இயந்திரமும் வருசக்கணக்காகப் புழங்கும் தரை மட்டும்தான்.

அப்படிப்பட்ட தரை எங்களிடம் தாராளமாக இருக்கிறது. மாசி, பங்குனியில் காலபோகம் அறுத்த பிறகு சிறுபோகம் செய்யாமல் விடும் மேட்டு வயல்கள். காணிக்காரரிடம் கேளுங்கள், வரம்பில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிக் கேளுங்கள். வரம்பை உடைத்தால் அடுத்த முறை விடமாட்டார், அவர் செய்வதும் நியாயம். ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், வாகனம் ஒன்றும் பக்கத்தில் நிற்க வேண்டும். தனியே போய்ப் பழகுகிறவன் விழுந்தால் மாடு மேய்க்க வருகிறவர் காணும்வரை அங்கேதான் கிடப்பான்.

பெரிய பாதை தேவையில்லை. இரண்டு வெற்று ஒயில் தகரத்தை 30 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். அவற்றைச் சுற்றி இடப்பக்கம் 5 நிமிடம், வலப்பக்கம் 5 நிமிடம், இடையில் தண்ணீர். இதைச் செய்தால் ஒன்று உடனே தெரியும்: வலது வளைவு எல்லோருக்கும் மோசமாக இருக்கும். காரணம் எளியது. பின் பிறேக் வலது காலில் இருக்கிறது. வலது வளைவில் அந்தக் காலை வெளியே நீட்டினால் பிறேக் இல்லை. ஆகவே வலது வளைவுக்கு வண்டி நேராக நிற்கும்போதே பிறேக் பிடித்து முடித்திருக்க வேண்டும். இடது வளைவில் செய்யும் தவறைப் பின் பிறேக் மூடி மறைத்துவிடும், வலதில் அது நடக்காது.

வளைவுக்குள் போகும்போது சீற்றின் முன்பக்கம், கிட்டத்தட்டப் பெற்றோல் தாங்கியின் மேல் ஏறி உட்கார வேண்டும். வெளிப்பக்க மிதியில் உடல் பாரம், வெளிப்பக்க முழங்கை மேலே, கண் வளைவு முடியும் இடத்தில். பின்னுக்கு உட்கார்ந்தால் முன்சில்லில் பாரம் குறைந்து கிறவலில் நேரே ஓடும். எங்கள் பக்கத்துக் கிறவல் அடியில் கல்லுப்போல இறுகி, மேலே உருளும் சின்னக் கற்களோடு இருக்கும். முன் பிறேக்கை இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டு, முன் சொக் அமுங்கிய பிறகு கூட்ட வேண்டும். ஒரேயடியாகப் பிடித்தால் ரயர் கற்களின் மேல் சறுக்கும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து பின் பிறேக்கால் மட்டும், முன் பிறேக்கால் மட்டும், இரண்டாலும் என மூன்று விதமாக நிறுத்தி, நின்ற தூரத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். முன் பிறேக்கைத் தொடவே பயப்படுகிறவர்களுக்கு அந்த அளவு போதும்.

பிறகு போனில் நேரம் எடுக்கத் தொடங்குங்கள். வேகமான ஒரு சுற்று கணக்கில் இல்லை. 10 சுற்று ஓடி, அதில் வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடையில் ஒரு வினாடிக்குள் வர வேண்டும். அது வந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

வண்டி: தூசியில் இருந்து தொடங்க வேண்டும்

பல்சர், டிஸ்கவர் போன்ற வீதி வண்டியிலும் பழகலாம், ஆனால் சொக் ஓட்டம் (சொக் அமுங்கும் தூரம்) குறைவு, முன்சில்லும் 17 அங்குலம், பள்ளத்தில் அடிக்கும். பழைய ஹொண்டா எக்ஸ்எல்ஆர் போன்ற 21 அங்குல முன்சில்லு உள்ள வண்டி கிடைத்தால் பழகுவதற்கு அதுதான் நல்லது. எந்த வகுப்பில் எந்த வண்டி ஓடலாம், எதை மாற்றலாம் என்பதை ஒவ்வொரு போட்டியின் துணை விதிகளும் சொல்லும். அதை வாசிக்காமல் சைலன்சரை மாற்றிவிட்டுப் போய், பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டு வருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் வன்னியில் எஞ்சினைக் கொல்வது எயர் பில்டர்தான். பில்டரைத் தாண்டிப் போகும் தூசி ஒயிலோடு கலந்து வால்வ் தேய்க்கும் பசை மாதிரி ஆகிவிடும். முதலில் பிஸ்டன் றிங் தேயும், பிறகு சிலிண்டரில் கோடு விழும். அடையாளம்: கீழ் வேகத்தில் இழுவை குறையும், காலையில் ஸ்ராட் ஆகச் சுணங்கும், ஒயில் குறையும், கடைசியில்தான் நீலப்புகை வரும். புகை வந்தால் செலவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

ஸ்பொஞ்ச் பில்டர் என்றால் ஒவ்வொரு பழக்கத்துக்குப் பிறகும் கழற்ற வேண்டும். முதலில் மண்ணெண்ணெயில் அமுக்கி அமுக்கிப் பழைய ஒயிலை எடுத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரில், பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பெற்றோல் கூடாது, ஸ்பொஞ்ச் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசையை அது இளக்கிவிடும், நெருப்பு ஆபத்து வேறு. துணி பிழிவது போல முறுக்கினாலும் ஒட்டு விடும், உள்ளங்கையில் வைத்து அமுக்க வேண்டும். நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒயில் போட்டால் அது பிடிக்காத இடங்கள் இருக்கும், தூசி அதன் வழியாகப் போகும். பில்டர் ஒயிலை ஊற்றி, ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துப் பிசைந்து, எல்லா இடமும் ஒரே நிறமாக வந்த பிறகு மிச்சத்தை அமுக்கி எடுங்கள். பில்டர் அமரும் விளிம்பில் மெல்லிய கிறீஸ் பூச வேண்டும். பலர் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். பூட்டி ஓடிய பிறகு பில்டரைக் கழற்றி, காபரேற்றருக்குப் போகும் குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் துடையுங்கள். செம்மண் கோடு வந்தால் பில்டர் சரியாக அமரவில்லை. ஒயில் பூசிய கடதாசிப் பில்டர் உள்ள வண்டிகளில் காற்றடித்துச் சுத்தம் செய்வது வீண், மாற்றத்தான் வேண்டும். போட்டிக்கு இரண்டு பில்டர் தயாராகக் கொண்டு போங்கள்.

ரயர் காற்று வீதிக்கு வைப்பது போல வைக்கக்கூடாது. மோட்டோகுரொஸ் (மண்பாதை மோட்டார் சைக்கிள் ரேஸ்) ரயருக்கு 12 முதல் 14 பீஎஸ்ஐ. சேறு என்றால் இன்னும் ஒன்றிரண்டு குறையலாம், கல்லுத்தரை என்றால் 15. இவ்வளவு குறைந்த காற்றில் ரயர் ரிம்மில் சுழன்று ரியூப்பின் வால்வைப் பிய்க்கும், அதனால் ரயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லொக் கட்டாயம். ஸ்போக் கம்பிகளைச் சின்னச் சாவியால் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று கேட்கும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். முதலில் தளர்வது ரிம் லொக்குக்குப் பக்கத்துக் கம்பி. ஒரு தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது.

பின் சொக்கை ஆளின் நிறைக்குச் சரிசெய்ய ஓர் அளவுநாடா போதும். வண்டியைத் தூக்கிப் பின்சில்லு தரையில் படாமல் வைத்து, அச்சில் இருந்து நேர் மேலே மட்காட்டில் ஒரு புள்ளி வரை அளக்கவும். பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி, மிதியில் நின்று, இன்னொருவரைக் கொண்டு அதே இடத்தை அளப்பியுங்கள். பெரிய மோட்டோகுரொஸ் வண்டியில் இரண்டுக்கும் வித்தியாசம் 100 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். சொக் ஓட்டம் குறைந்த வண்டியில் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் அமுங்கினால் ஸ்பிரிங்கை இறுக்குங்கள். 55 கிலோ பொடியன் 75 கிலோ ஆள் விற்ற வண்டியை வாங்கி அப்படியே ஓடினால் பின்பக்கம் உதைத்து முன்னால் தள்ளும். பழி ஓட்டுகிறவன் தலையில் விழும்.

செயினைப் போட்டிக்கு முதல் இறுக்கி வைப்பது ஒரு கெட்ட பழக்கம். சொக் அமுங்கி, முன் ஸ்புறொக்கற் (செயின் ஓடும் பல்லுச்சில்லு), பின்சில்லைத் தாங்கும் பின்கையின் அச்சு, பின்சில்லு அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் ஆக இறுகும். அந்த நிலையில் வைத்துப் பார்த்து, அப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். பல்லு மாற்றுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது பின்னால் மூன்று, நாலு பல்லைக் கூட்டுவதற்குச் சமம்.

டூ ஸ்ரோக் வண்டியில் 40க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 25 மில்லிலீற்றர் ஒயில், 32க்கு 1 என்றால் 31. கண்மட்டத்தில் ஊற்றாதீர்கள். காபரேற்றர் வண்டியை வன்னி வெயிலில் சரிசெய்துவிட்டு மலைக்குக் கொண்டு போனால் அது வேறு வண்டியாக இருக்கும். உயரத்தில் காற்று மெலிந்து பெற்றோல் கூடிப்போகும். குளிர் அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் எஞ்சின் பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதாது, எஞ்சின் இறுகி நின்றுவிடும் ஆபத்து; கரிக்கறுப்பு என்றால் பெற்றோல் கூடிவிட்டது; காய்ந்த தேயிலை நிறம் சரி.

உடம்பு

முன்கை இறுகிப் போவதற்குக் காரணம் கைப்பலம் இல்லாதது என்று நினைத்துப் பாரம் தூக்கப் போகிறார்கள். உண்மையில் கைபிடியை அளவுக்கு மேல் இறுக்கிப் பிடிப்பதால் தசை தன் உறைக்குள் வீங்கி இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. வண்டியை முழங்காலால் இறுக்க வேண்டும், கை தளர்வாக இருக்க வேண்டும். ஐந்து நிமிட ஓட்டத்தை மூன்று தடவை ஓடுவதை விட 15 நிமிடம் நிறுத்தாமல் ஓடிப் பழகுவது இதற்கு மருந்து.

வெயில் எங்களுக்குப் பழக்கம் என்ற நினைப்பு ஆளை ஏமாற்றும். ஹெல்மெட், நெஞ்சுக்கவசம், பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடும் உடம்புக்கு அந்தச் சூடு புதிது. அது பழக இரண்டு கிழமை வரை பிடிக்கும். ஓட முதலும் பிறகும் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர், அதுவும் ஒரே மூச்சில் குடிக்காமல் சில மணித்தியாலங்களில். வெறும் தண்ணீரை விட ஜீவனி உப்புக்கரைசல் நல்லது, பொதியில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து. இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள்.

காருக்குப் போக நினைப்பவர்கள் கழுத்தைக் கவனிக்க வேண்டும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரைக் கிலோ அளவு. போர்முலா 1 வளைவில் 5 ஜீ (நிறையின் ஐந்து மடங்கு விசை) வந்தால் அது 30 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் இழுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பைத் தூணில் கட்டி, நெற்றியில் மாட்டி, நாலு பக்கமும் 20 வினாடி அசையாமல் தாங்கிப் பழகலாம். இழுத்து ஆட்டக்கூடாது.

ஹெல்மெட்டில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நல்லாகத் தெரிந்தாலும் உள் நுரை நசுங்கியிருக்கும், அது திரும்ப எழும்பாது. ஆகவே பாவித்த ஹெல்மெட் வாங்கவே கூடாது. விழுந்தவரின் ஹெல்மெட்டைப் பழக்கம் இல்லாதவர்கள் கழற்றவும் கூடாது. தலையில் அடிபட்டு வாந்தி, தலையிடி, தடுமாற்றம் வந்தால் ஆஸ்பத்திரி. டொக்டர் சொல்லும்வரை ஓட்டம் இல்லை. காறை எலும்பு உடைந்தால் ஆறு கிழமையாவது போகும். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்று நாலாவது கிழமையில் ஓடி அதே இடத்தில் உடைத்துக்கொள்கிறவர்கள் இந்த விளையாட்டில் எல்லா நாட்டிலும் உண்டு.

களத்தில்

எங்களுக்குக் கிட்ட உள்ள பெரிய களம் அனுராதபுரம் சாலியபுரத்தில் கஜபா சூப்பர் குரொஸ் நடக்கும் இடம். தியத்தலாவையில் பொக்ஸ் ஹில். இரண்டும் படைத்தரப்பின் இடங்கள். எங்கள் வீடுகளில் அது தனிப் பேச்சாகும், அதை ஒவ்வொரு குடும்பமும் தானே பேசித் தீர்க்கட்டும். தெரிந்திருக்க வேண்டியது, ஓட்டுனர் கூட்டத்தில் பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில். விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போகாமல் விளங்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள். மஞ்சள் கொடி என்றால் முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். உங்கள் இலக்கத்தோடு கறுப்பு என்றால் உள்ளே வர வேண்டும். வன்னிப் பொடியன் தண்டனை வாங்குவது வேகத்தால் அல்ல, மஞ்சளில் முந்தித்தான்.

குடும்பத்தோடு போகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது முக்கியம். 2024 ஏப்ரல் 21 பொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்தனர், அதில் ஒரு சிறுமியும். வளைவின் வெளிப்பக்கமும் பாய்ச்சல் இறங்கும் இடமும் நிற்பதற்கு உரிய இடங்கள் அல்ல, வேலி இருந்தாலும்.

ஸ்ராட்டில், கேற்றுக்குப் பின்னால் சில்லு நிற்கும் கோட்டை முதலே காலால் துப்பரவாக்குங்கள். உருளும் கற்களின் மேல் முதலாவது கியர் சில்லைச் சும்மா சுற்றும்; மோட்டோகுரொஸ் வண்டியில் இரண்டாவது கியர். அரைவாசித் துரொட்டில், உடம்பு முன்னால், இரண்டு காலும் தரையில், கண் கேற்றைப் பிடித்திருக்கும் ஊசியில். முதல் வளைவில் முதலாவதாக வர வேண்டும் என்று இல்லை. நடுவில் நெரிபடாமல் வெளியே வந்தால் போதும்.

இதில் பிழைப்பு உண்டா

இலங்கையில் ரேஸ் ஓடி மட்டும் வாழ்கிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கராஜ், உதிரிப்பாகக் கடை, பயிற்சி கொடுத்தல் என்று ஒன்றை வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். காரில் போர்முலா 4 தொடங்க 15 வயது. போர்முலா 1 சூப்பர் லைசென்சுக்கு மூன்று பருவத்தில் 40 புள்ளியும் பொதுவாக 18 வயதும் தேவை. அந்தப் பாதையில் வருகிறவர்கள் எட்டு, ஒன்பது வயதில் கார்ட் (சின்ன ரேஸ் கார்) ஓடத் தொடங்கியவர்கள். பண்டாரகமவில் கார்ட் பாதை உண்டு, ஆனால் கிளிநொச்சியில் இருந்து அது ஒரு முழுநாள் பயணம். 20 வயதில் போர்முலா 1 கனவு காண்பது வீண் என்று நேரே சொல்லிவிடுவது நல்லது. பல ஓட்டுனர் ஒரே காரை மாறி மாறி ஓட்டும் நீண்ட ஓட்டங்களில் வயது அவ்வளவு தடை இல்லை. நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணிப் போட்டியில் 991 (போர்ஷே கார்) வகுப்பில் மூன்றாவதாக வந்தபோது அவருக்கு வயது 53. ஆனால் அங்கே கார் செலவை யாராவது கட்ட வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் தார்ப்பாதை பழக விரும்பினால் சென்னை ஸ்ரீபெரும்புதூருக்குக் கிட்ட இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீற்றர் பாதை இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகள் அங்கே வண்டியும் கவச உடையும் தருகின்றன, பாடம் தமிழில் கேட்கலாம், பலாலியில் இருந்து சென்னைக்கு விமானமும் ஓடுகிறது. பயிற்சிக்குப் போவது ஒன்று, அங்கே போட்டியில் ஓடுவது இன்னொன்று. போட்டிக்கு உங்கள் நாட்டுச் சம்மேளனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

அனுசரணை கேட்கும்போது காசாகக் கேட்காமல் ரயர், ஒயில், பிறேக் பாட், பயணச் செலவு என்று பொருளாகக் கேளுங்கள். வவுனியா, கிளிநொச்சி உதிரிப்பாகக் கடைக்காரர் காசு தரத் தயங்குவார், இரண்டு ரயர் தருவார். வெளிநாட்டில் இருக்கும் மாமாவும் எதற்கு என்று தெரிந்தால் அனுப்புவார். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: ஓடிய போட்டிகள், வந்த இடங்கள், இந்த வருசம் ஓடப்போகும் போட்டிகள், எதற்கு எவ்வளவு. போட்டி முடிந்த கிழமைக்குள் அவர்களுக்கு இரண்டு படமும் செலவுக் கணக்கும் போக வேண்டும். ஓட்டத்தை முடிக்கவில்லை என்றால் என்ன பாகம், ஏன் விட்டது, அடுத்த முறைக்கு எதை மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் அதே கடதாசியில் எழுதி அனுப்புங்கள்.